நன்னாரி சர்பத் காய்ச்சுவோருக்கும் நாட்டு மருந்துக் கடையினருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நன்னாரி சர்பத் தயாரிப்பாளர்களுக்கும் நாட்டு மருந்துக் கடை நடத்தும் பெரியோர்களுக்கும் வணக்கம்.

வெயில் ஏறத் தொடங்கியதும் மதுரையிலும் திருநெல்வேலியிலும் இராமநாதபுரத்திலும் சாலையோரக் கடைகளில் நன்னாரிப் புட்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. எலுமிச்சையும் பனிக்கட்டியும் ஊறிய சப்ஜா விதையும் சேர்ந்த அந்தக் குவளையை வேண்டாம் என்று சொல்பவர் நம் ஊர்களில் அரிது. ஆனால் புட்டிக்குள் இருப்பது எந்த வேரின் சாறு, அல்லது வேரே சேராத வெறும் மணமா என்பதை, மேலே ஒட்டிய லேபிளைப் படித்து அறிய பெரும்பாலான புட்டிகளில் வழியில்லை. அந்த ஒரு செய்தியை அச்சிடும்படியும், அச்சிட்டதற்கு ஏற்ப வேர் வாங்கும் முறையைச் சீர்செய்துகொள்ளும்படியும் உங்களைக் கேட்டுக்கொள்வதற்காகவே இம்மடலை எழுதுகிறேன். வனத்துறைக்கு எழுதியிருக்கலாமே என்று சிலர் கேட்கக்கூடும். மலையில் ஒரு கொடி எப்படித் தோண்டப்படுகிறது என்பதை வனக்காப்பாளரைக் காட்டிலும் உங்கள் கொள்முதல் தராசுதான் தீர்மானிக்கிறது என்பது என் எண்ணம். ஆகவே உங்களுக்கே எழுதுகிறேன்.

நன்னாரியைப் புட்டியில் மட்டுமே அறிந்தவர்கள் மிகப் பலர் என்பதால், செடியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தாவரவியலார் ஹெமிடெஸ்மஸ் இண்டிகஸ் என்று அழைக்கும் இது, எருக்கும் அரளியும் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்த மெல்லிய கொடி. தரையில் படரும்; அருகில் புதரோ வேலியோ கிடைத்தால் சுற்றி ஏறும்; கிள்ளினால் பால் வடியும். எதிரெதிராக அமைந்த இலைகள் ஒரே கொடியில்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. சில புல்லைப் போலக் குறுகியும் சில முட்டை வடிவில் அகன்றும் இருக்கும். பல இலைகளின் நடு நரம்பை ஒட்டி வெள்ளைக் கோடு ஓடும். பூ மிகச் சிறியது, வெளியே பச்சையும் உள்ளே கருஞ்சிவப்புமாக இலைக் கக்கத்தில் ஒளிந்திருக்கும். பூத்தவற்றில் காயாவது கொஞ்சமே. காய்கள் இரட்டையாக, நீண்டு ஒல்லியாக வளர்ந்து, முற்றி வெடிக்கும்போது வெண்பட்டு இழை சூடிய விதைகள் காற்றில் பறந்துபோகும். கங்கைச் சமவெளி தொடங்கித் தெற்கே இலங்கை வரை, புதர்க்காடுகளிலும் வறண்ட மலைச்சரிவுகளிலும் இது தானாக முளைக்கிறது. வெண்புள்ளிக் கருப்பன் என்னும் பட்டாம்பூச்சியின் புழு இதன் இலையைத் தின்று வளர்கிறது. மனிதர் நாடுவது மண்ணுக்கடியில் இருப்பதை மட்டுமே. அதனால்தான் பாதாளமூலி என்றும் இதற்கு ஒரு பெயர் வழங்குகிறது.

அந்த வேர் பெரும்பாலும் பென்சில் பருமனைத் தாண்டுவதில்லை. முறுக்கேறி, ஆழமாக, கல்லிடுக்குகளில் வளைந்து செல்லும். மேல்தோல் பழுப்பாகவும் குறுக்கே வெடிப்புகளோடும் இருக்கும். உள்ளே இருக்கும் கட்டையில் மணம் குறைவு. தோலில்தான் சரக்கு இருக்கிறது. வேரைத் தட்டி நடு நரம்பை எறிந்துவிட்டுத் தோலை மட்டும் எடுத்து ஊறவைக்கும் வழக்கம் நம் பாட்டிமார்களிடம் இருந்ததற்குக் காரணம் இதுவே. மணத்துக்கு மூலமான பொருள் 2-ஹைட்ராக்சி-4-மெத்தாக்சி பென்சால்டிஹைடு எனப்படும் சேர்மம். வெனிலாவின் மணத்துக்குக் காரணமான வெனிலினும் இதுவும் ஒரே எண்ணிக்கையில் அதே அணுக்களைக் கொண்டவை. அணுக்கள் அமைந்த இடம் மட்டுமே வேறு. இந்தச் சேர்மம் நீராவியோடு சேர்ந்து எளிதில் வெளியேறிவிடும் இயல்புடையது. திறந்த அண்டாவில் மணிக்கணக்காகக் கொதிக்கவிட்டால் தெரு முழுவதும் மணக்கும், சர்பத்தில் மணம் இருக்காது. 1864ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் மருந்தேட்டில் நன்னாரி வேர் இடம்பெற்றது. அந்நாளைய மருந்தாளர்கள் அதன் பாகைச் செய்தபோதும் கொதிநீரில் வேரைப் போட்டு மூடிய கலத்தில் சில மணி நேரம் ஊறவைத்து, வடித்த பிறகே சர்க்கரை சேர்த்தார்கள். நம் வீடுகளில் இடித்த வேரின்மேல் வெந்நீர் ஊற்றி, மூடி, இரவு முழுவதும் வைத்து, காலையில் வடித்துப் பாகில் கலந்ததும் இதே முறைதான். உங்களில் பழைய கைகள் இதை என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

சித்த மருத்துவம் நன்னாரியைத் தட்பத் தன்மையுடைய மூலிகையாகவும், உடல் தேற்றியாகவும், சிறுநீரையும் வியர்வையையும் பெருக்குவதாகவும் கொள்கிறது. நீர்க்கடுப்புக்கும் உடற்சூட்டுக்கும் தோல் நோய்களுக்கும் வேர் ஊறல் நீரையோ பாலில் கலந்த வேர்ப்பொடியையோ கொடுத்துவந்திருக்கிறார்கள். ஆயுர்வேதம் இதைச் சாரிவா என்று குறிப்பிடுகிறது; இலங்கையில் இறமுசு என்ற பெயரில் தேநீரைப் போலக் காய்ச்சிக் குடிக்கிறார்கள்; கேரளத்தில் நறுநீண்டி. மருந்து, குளிர்பானம், குடிநீர்ப் பானையில் போடும் ஒரு துண்டு வேர் என மூன்று நிலைகளிலும் இத்தனை காலம் ஒரு காட்டுக்கொடி நம்மிடையே நிலைத்திருப்பதற்கு, தேவைக்குத் தக்கபடி, குறைவாக எடுத்துப் பயன்படுத்தினோம் என்பதும் ஒரு காரணமாகும். ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு ஒரு பிடி வேர் போதும். புட்டிகளை நிரப்புவதற்கு அந்தக் கணக்கு போதாது.

சிக்கல் தொடங்கும் இடமும் அதுவே. நன்னாரியின் ஒரு கொடியிலிருந்து கிடைக்கும் வேர் மிகக் குறைவு. ஒரு கிலோ உலர்ந்த வேர் சேர எத்தனையோ கொடிகளைத் தோண்ட வேண்டும். அதே மணமுள்ள இன்னொரு வேர், விரல் பருமனிலும் அதற்கு மேலும், சதைப்பற்றோடு, ஒரே செடியில் கிலோக்கணக்கில் கிடைக்கும்போது வணிகம் அதன் பக்கம் சாய்வதில் வியப்பில்லை. மாகாளிக் கிழங்கைத்தான் சொல்கிறேன். டெகலெபிஸ் ஹாமில்டோனி எனப்படும் அந்தக் கொடி, உலகில் வேறெங்கும் இல்லாமல் தென்னிந்தியாவின் பாறை மலைகளில் மட்டுமே வளர்வது. நன்னாரிக்கு மணம் தரும் அதே சேர்மம் இதிலும் உண்டு, இன்னும் தாராளமாகவே உண்டு. மோரிலோ தயிரிலோ ஊறிய மாகாளி ஊறுகாய்க்காக உயிரை விடுபவர்களும் இருக்கிறார்கள், மூட்டைப்பூச்சி வாடை என்று மூக்கைப் பொத்துபவர்களும் இருக்கிறார்கள். நான் முதல் கட்சி. ஊறுகாய்க்கு மாகாளி என்று சொல்லியே விற்கிறார்கள், வாங்குபவரும் அறிந்தே வாங்குகிறார். சர்பத்துக்கும் மருந்துக்கும் போகும்போதுதான் அது பெயரை இழந்து நன்னாரி ஆகிவிடுகிறது. இராயலசீமைப் பகுதியில் நன்னாரிச் சர்பத்து என்றாலே பெரும்பாலும் மாகாளி வேரிலிருந்து செய்வதுதான் வழக்கம் என்பதும், அதே வேர் நம் சந்தைக்கும் வருகிறது என்பதும் உங்களுக்குத் தெரியாத செய்தியன்று.

இதில் ஏமாற்று என்பது என் முதன்மையான குறை அன்று. மாகாளி சர்பத் சுவையானதே. கவலைக்கு உரியது அந்தச் செடியின் நிலை. பாறை இடுக்கில் மெல்ல மெல்லப் பருக்கும் கிழங்கு அது. பருத்த கிழங்கு கிடைக்கிறது என்றால் அந்தக் கொடி பல ஆண்டுகள் அங்கே நின்றிருக்கிறது என்று பொருள். அதை எடுக்கப் பாறையைப் பெயர்த்து, கிழங்குக் கொத்தை முழுவதுமாகப் பிடுங்கினால், விதை போட வேண்டிய முதிர்ந்த கொடி அன்றோடு போய்விடுகிறது. கர்நாடகத்தின் பிளிகிரி ரங்கன மலையில் சோலிகர்கள் மாகாளி பேரு என்ற பெயரில் மரபாக எடுத்துவந்த கிழங்கும், சேசாசல மலையிலும் நல்லமலையிலும் ஆந்திரப் பழங்குடியினர் எடுத்துவந்த கிழங்கும் இதுவே. சந்தை பெருகப் பெருக இருப்பு குறைந்து, அருகிவரும் தாவரமாகத் தாவரவியலார் கருதும் நிலைக்கு இது வந்துவிட்டது. நன்னாரி என்ற பெயரில் மாகாளி விற்பனையாகும்வரை, எவ்வளவு மாகாளி காட்டிலிருந்து வெளியேறுகிறது என்று எந்தக் கணக்கிலும் ஏறாது. பரவலாக வளரும் ஒரு கொடியின் பெயருக்குப் பின்னால் அரிய கொடி ஒன்று மறைந்துபோவதைத் தடுக்க, லேபிளில் ஒரு சொல்லை மாற்றினால் அது நல்ல தொடக்கமாகும்.

அடுத்தது எசன்ஸ். வேரே இல்லாமல், மணச்சாறும் நிறமும் சர்க்கரைப் பாகும் கலந்து விற்பவர்களும் உங்களிடையே இருக்கிறார்கள். இதைக் கேட்டால் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரலாம்: எனக்கு அவர்கள்மேல் பெரிய கோபம் இல்லை. எசன்ஸ் புட்டி எந்த மலையையும் தோண்டுவதில்லை. மலிவான பானம் வேண்டுவோருக்கு அது ஒரு வழி. ஆனால் அந்தப் புட்டியின்மேல் வேர்க்கட்டின் படத்தை அச்சிட்டு, ‘பாரம்பரியம்’, ‘மூலிகை’ என்ற சொற்களைப் பெரிய எழுத்தில் போட்டு, சேர்க்கப்பட்ட மணமூட்டி என்பதைக் கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத எழுத்தில் போடுவது முறையன்று. மணமூட்டி சேர்த்தால் அதைத் தெரிவிக்க வேண்டும், வாங்குபவரைத் தவறாக எண்ணவைக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஏற்கெனவே உள்ள விதி. நான் கேட்பது அதே விதியைப் படிக்கக்கூடிய எழுத்தில் கடைப்பிடிக்க வேண்டும் என்பதே. நிறத்தைக் குறித்தும் ஒரு சொல். வேர் ஊறல் தானாகக் கொடுப்பது இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு மட்டுமே. கருத்த நிறம் சர்க்கரையைக் கருக்குவதால் வருவது. வீடுகளிலும் அப்படிச் செய்வதுண்டு, அதில் குற்றமில்லை. கருப்பாக இருந்தால்தான் அசல் என்று வாடிக்கையாளர் நம்புவதைத் திருத்தாமல் விட்டுவிடுவதுதான் வருத்தம் தருகிறது.

நாட்டு மருந்துக் கடை நடத்துவோருக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். சர்பத்தில் ஒரு வேருக்குப் பதில் இன்னொன்று சேர்ந்தால் சுவையில் சிறு மாற்றத்தோடு முடிந்துவிடும். மருந்தில் அப்படி முடிவதில்லை. வைத்தியர் நன்னாரி என்று எழுதிக்கொடுக்கும் சீட்டுக்கு மாகாளித் துண்டுகளைக் கட்டிக்கொடுப்பதும், கருஞ்சாரிவா என்ற பெயரில் வழங்கும் வேறு கொடிகளின் வேர்களை நன்னாரியோடு கலந்துவிடுவதும் நடக்கின்றன. பின்னவற்றை முகர்ந்தே கண்டுகொள்ளலாம், அந்த மணம் அவற்றுக்கு இல்லை. மாகாளியை மூக்கு பிடிக்காது. கண்ணால்தான் பிடிக்க வேண்டும். முழு வேராக இருந்தால் பருமனும் சதையும் காட்டிக்கொடுக்கும். பொடித்துவிட்டால் ஆய்வகத்தில்தான் பிரித்தறிய முடியும். ஆகவே நன்னாரியைப் பொடியாகக் கொள்முதல் செய்வதை விட்டு, முழு வேராக வாங்கி, உங்கள் கண்முன் இடித்துக் கொடுக்கும் பழைய வழக்கத்துக்குத் திரும்புங்கள். வாங்கிய வேரை ஆண்டுக்கணக்கில் அடுக்கி வைக்காமல், வந்த மாதத்தை மூட்டையின்மேல் எழுதிவைப்பதும் நல்லது. மணம் போன வேர் விறகுதான்.

இனி, தராசைப் பற்றி. வேரை எடை போட்டு, எடைக்கு மட்டுமே பணம் கொடுத்தால் எடுப்பவர் முழுக்கொடியையும் பிடுங்குவார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு அன்றையக் கூலி அதில்தான் இருக்கிறது. நன்னாரிக்கு ஒரு நல்ல குணம் உண்டு: தண்டு தரையோடு சேரும் அடிப்பகுதியையும் அதை ஒட்டிய வேரில் ஒரு பங்கையும் விட்டுவிட்டுப் பக்க வேர்களை மட்டும் வெட்டி எடுத்து, குழியை மண்ணால் மூடினால் கொடி பிழைத்து மீண்டும் துளிர்க்கும். காய் வெடித்து விதை பறந்த பிறகு எடுப்பது, ஒரே சரிவில் ஆண்டுதோறும் தோண்டாமல் இடம் மாற்றிச் சில ஆண்டுகள் ஆறவிடுவது ஆகிய இரண்டும் சேர்ந்தால் அந்தச் சரிவு வெறுமையாகாது. மலைவாழ் மக்களில் பலருக்கு இது புதிய பாடம் அன்று. ஆனால் அவசரமாகக் கேட்கும் தரகருக்கும் குறைந்த விலைக்கும் நடுவில் அந்த ஒழுங்கைக் காப்பது அவர்களால் மட்டும் இயலாது. அடிக்கொத்தோடு பிடுங்கி வந்த வேரை வாங்க மாட்டோம் என்று நீங்கள் சொன்னால், அதுவும் எல்லோரும் சேர்ந்து சொன்னால், பிடுங்குவது நின்றுவிடும். பக்கவேராக வெட்டி வந்த சரக்குக்கு எடையோடு ஒரு கூடுதல் தொகையும் கொடுக்க வேண்டியிருக்கும். புட்டி விலையில் அது சிறிய பங்கே என்பதை உங்கள் கணக்குப் புத்தகமே சொல்லும்.

யாரிடம் வாங்குவது என்பதும் முக்கியம். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மூலிகைகளையும் வேர்களையும் கிழங்குகளையும் சிறு வனப்பொருள்களின் வரிசையில் வைத்து, மரபாகச் சேகரித்துவந்த வனவாழ் மக்களுக்கு அவற்றின்மீது உடைமையும், சேகரித்துப் பயன்படுத்தி விற்கும் உரிமையும் உண்டு என்று மூன்றாம் பிரிவில் தெளிவாகக் கூறுகிறது. அதே சட்டம் அந்த வளத்தைக் காக்கும் பொறுப்பையும் அதிகாரத்தையும் அவர்களிடமும் கிராம சபையிடமும் ஒப்படைக்கிறது. எனவே இருட்டில் லாரி ஏறும் மூட்டையை வாங்குவதைவிட, கிராம சபையின் அறிவோடு, மலைவாழ் மக்கள் கூட்டுறவுச் சங்கத்தின் வழியாகவோ நேரடியாகச் சேகரிப்போரிடமிருந்தோ ரசீதோடு வாங்குவது உங்களுக்கும் பாதுகாப்பு, அவர்களுக்கும் நியாயமான விலை. மூட்டையில் இருப்பது நன்னாரியா மாகாளியா என்று அந்த ரசீதில் எழுதியிருக்க வேண்டும். லேபிளில் நான் கேட்கும் சொல் அங்கிருந்தே தொடங்குகிறது.

எவ்வளவு கவனமாக எடுத்தாலும், இப்போதைய விற்பனை முழுவதையும் காட்டு வேர் தாங்காது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பயிரிடுவதுதான் வழி, அதுவும் கடினமான வழி அன்று. விதையைக் காட்டிலும் வேர்த்துண்டும் தண்டுத்துண்டும் நம்பகமானவை. தென்னந்தோப்பின் இடைவெளியில், மண் இளகிய மேட்டுப் பாத்தியில் நட்டால் படர்ந்துவிடும். பாறையில்லா மண்ணில் வேர் நேராக இறங்குவதால் தோண்டுவதும் எளிது. இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் விட்டு எடுத்தால் வேர் பருக்கும். தோப்பு வைத்திருக்கும் உழவர் இதை நடத் தயங்குவது ஒரே காரணத்துக்காக: இரண்டு ஆண்டு கழித்து இதை வாங்க ஆள் இருக்குமா என்று அவருக்குத் தெரியாது. அந்த உறுதியைத் தரக்கூடியவர்கள் நீங்கள் மட்டுமே. ஆண்டுக்கு இவ்வளவு கிலோ, குறைந்தது இந்த விலை என்று எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொண்டால், மாநில மூலிகைத் தாவர வாரியத்திடம் உதவி கேட்கவும் அந்தத் தாள் உழவருக்குப் பயன்படும். உயிரியற்பன்மைச் சட்டத்தில் 2023ஆம் ஆண்டில் செய்த திருத்தமும் பயிரிட்ட மூலிகைகளை வாங்குவோருக்கான நடைமுறையைக் காட்டுச் சரக்கைவிட எளிதாக்கியிருக்கிறது. மாகாளியையும் பயிரிடலாம், ஆனால் அதற்குப் பொறுமை கூடுதலாக வேண்டும். அதுவரை சர்பத்துக்கு மாகாளியைத் தவிர்த்து, ஊறுகாய்க்கு மட்டும் அளவோடு விட்டுவைக்கலாம் என்பது என் தனிப்பட்ட கருத்து. ஊறுகாய்ப் பிரியன் சொல்வதால் இதில் சற்றுத் தன்னலமும் கலந்திருக்கலாம்.

ஒன்றை இடையில் சொல்ல மறந்தேன். ‘இரத்தத்தைச் சுத்தமாக்கும்’, ‘சிறுநீரகக் கல்லைக் கரைக்கும்’, ‘சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்றது’ போன்ற வரிகளைச் சில புட்டிகளில் பார்க்கிறேன். வைத்தியர் அளவறிந்து கொடுக்கும் வேர் ஊறல் ஒன்று, பெரும்பகுதி சர்க்கரையாக இருக்கும் பாகு வேறொன்று. மூன்றாவது வரியை அச்சிடுபவருக்குத் தன் புட்டியில் என்ன இருக்கிறது என்பதே நினைவில் இல்லை போலும். குளிர்ச்சியான, மணமான, இனிப்பான பானம் என்ற பெருமையே நன்னாரி சர்பத்துக்குப் போதுமானது. அந்த வரிகளை எடுத்துவிடுங்கள்.

நான் கேட்பவற்றைச் செய்ய எந்த அரசாணைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை லேபிள் அச்சிடக் கொடுக்கும்போது ‘நன்னாரி வேர்’, ‘மாகாளி வேர்’, ‘மணமூட்டி’ ஆகியவற்றில் உங்கள் புட்டிக்கு உரியதைப் பெயருக்குக் கீழேயே, பெயரின் எழுத்தில் பாதி அளவிலாவது போட்டுவிடுங்கள். கொள்முதல் செய்யும் தரகரிடம் அடிக்கொத்து இருக்கும் மூட்டை வேண்டாம் என்று இந்தப் பருவத்திலேயே சொல்லிவிடுங்கள். பயிரிடுவதைப் பொறுத்தவரை, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே கன்றுகள் வேர்பிடித்திருந்தால் முதலாண்டு நீர்ப்பாய்ச்சும் செலவு பெரிதும் குறையும் என்பதால், உழவர்களோடு பேச வேண்டியதை ஆடி மாதத்துக்குள் பேசிவிடுவது நல்லது. உங்கள் சங்கங்களில் இதைப் பற்றிக் கூடிப் பேசுவதாக இருந்தால், வேர்களை இனம் பிரித்துக் காட்டவும் பக்கவேர் வெட்டும் முறையைச் செய்துகாட்டவும் அழைத்த இடத்துக்கு நான் வருகிறேன். நன்னாரியிலும் மாகாளியிலும் ஒவ்வொரு முழு வேரைக் கையோடு எடுத்து வருவேன்.

இங்ஙனம்,
நன்னாரி வளர்க்கும் தாவரவியல் ஆசிரியர் ஒருவர்